எந்தக் குப்பம்?

அத்தியாயம் பதினொன்று

தை அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன.

முதல் நாளே வந்து மண்டபத்தில் படுத்துக் கிடந்த கூட்டம் விடிந்ததும் படி இறங்கிவிட்டது. அப்பா பேரையும் தாத்தா பேரையும் சொல்லி, எள்ளும் தண்ணீருமாக, ஆளுக்கொரு படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தனை பேரில் கால் நனைக்காமல் உட்கார்ந்திருந்தவர் மணவாளன் ஒருவர்தான்.

எண்பதைத் தாண்டிய உடம்பு. இடுப்பில் புது வேட்டி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மகள் சத்யா பக்கத்தில் நின்று குடை பிடித்திருந்தாள். மகன் குணாளன் இரண்டு படி மேலே நின்று, கைபேசியைப் பார்ப்பதும் அப்பாவைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"எறங்கு நைனா. கூட்டம் சேர்ந்துக்கினே போவுது."

"இருடா. சேதி வரட்டும்."

"எண்பது வருசமா வராத சேதி, இன்னிக்கு ஆட்டோ புடிச்சு வரப்போவுதாக்கும்!"

மணவாளன் மகளைத்தான் பார்த்தார்.

என்ன சேதி என்பது இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் நடந்து வந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மணவாளனின் அப்பா சுப்பிரமணி, பழவேற்காட்டுக்கு வடக்கே புன்னைக்குப்பத்தில் வலை போட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது, படகு ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பொன்னேரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். போனார். மணவாளன் அப்போது அம்மா வயிற்றில். போனவரிடமிருந்து ஒரு கடுதாசி வரவில்லை. செத்தார் என்றும் வரவில்லை, இருக்கிறார் என்றும் வரவில்லை.

மனைவி பச்சையம்மா தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். அமாவாசைக்கு அமாவாசை ஊர் ஜனம் முகத்துவாரத்தில் எள்ளுத் தண்ணீர் விடும்போது, வேடிக்கை பார்க்கிற மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "அது செத்தவங்களுக்குடா. உங்க நைனா வந்தா சோறுதான் கேப்பாரு, எள்ளு கேக்க மாட்டாரு" என்பாள். 'சேதி வராம தண்ணி விடக்கூடாது' என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கழுத்தில் தாலியோடு கண்ணை மூடினாள்.

அந்தச் சத்தியத்தை மணவாளன் இத்தனை காலம் காத்துவிட்டார். ஆனால் போன மாதம் மூச்சுத் திணறி விழுந்தார். டாக்டர் சத்யாவை மட்டும் வெளியே அழைத்து, "இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. அலைய விடாதீங்க. கூடவே இருங்க" என்றார். கூடவே இருங்க என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் போறதுக்குள்ள எங்க நைனாவுக்கு ஒரே ஒரு வாட்டி என் கையால தண்ணி விடணும். அம்மாகிட்ட பண்ண சத்தியமும் தப்பக்கூடாது. நீதான் எப்பிடியாச்சும் சேதி கண்டுபுடிக்கணும்மா."

அன்றிலிருந்து சத்யா தேடுகிறாள். தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை முடிந்து கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டுக்கு வந்ததும், போரில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இல்லை. திருவள்ளூரில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் அலுவலகத்துக்கு அலைந்தாள். அங்கே இருந்த பாக்கியநாதன் என்ற ஓய்வுபெற்ற ஹவில்தார் பெங்களூரில் பழைய பட்டாளத்து ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா, பொன்னப்பன் மகன் சுப்பிரமணி என்று யாரும் ஆவணத்தில் இல்லை என்று பதில் வந்தது. "வேற மாதிரி கேட்டுப் பாக்கறேம்மா" என்றார் அவர்.

நேற்று அவரே கூப்பிட்டார். "ஒரு காகிதம் வந்திருக்கும்மா. நாளைக்கு வந்து பாரு. ஆனா ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதே."

இவ்வளவுதான் கதை. இனி படிக்கட்டுக்குத் திரும்புவோம்.

கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. கூட வேலை செய்கிற கல்பனாதான், "உன் ஷிஃப்டையும் சேர்த்து நான் பாத்துக்கறேன், நீ அப்பாவைக் கூட்டிக்கினு போ" என்று அனுப்பி வைத்திருந்தாள்.

"நைனா, ஆபீஸ் தொறந்திருப்பாங்க. நான் போய்ட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஒரு வாய் காபியாவது குடி."

"தண்ணி விடறவன் வயித்தை நெப்பிக்கினு ஒக்காரலாமா? நீ போய்க்கினு வா. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

அடுத்த படியில் தர்ப்பணம் பண்ணி வைத்துக்கொண்டிருந்த எம்பார் வாத்தியார் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து மந்திரம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மியிருந்தது.

"நீங்க போய்ட்டு வாங்கோம்மா. உச்சி சாயற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். பெரியவருக்குப் பண்ணி வெச்சுட்டுத்தான் ஆத்துக்குப் போவேன்."

சத்யா கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பெருமாளே, எங்க தாத்தா செத்துப் போன தேதி கிடைக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிய பிறகுதான், என்ன வேண்டுதல் இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாக்கியநாதன் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீக்காரரிடம் இரண்டு டீ சொன்னார்.

"எனக்கு வேணாம் சார். எங்க நைனா அங்க பட்டினியா ஒக்காந்திருக்காரு."

"அப்படியா?" வந்த இரண்டு டம்ளரையும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார். அவரும் குடிக்கவில்லை.

"நேரா சொல்லிடறேம்மா. இது உங்க தாத்தா இல்ல."

சத்யா எழுந்திருக்கப் போனாள். பாக்கியநாதன் கையமர்த்தினார்.

"பெங்களூர்ல என்கூட வேலை பாத்தவர் ஒருத்தர் இருக்காரு. ஜில்லாவை விட்டுட்டு வெறும் பேரை வெச்சுத் தேடிப் பாருப்பான்னு கேட்டேன். பாவம், லீவு நாள்ல ஒக்காந்து தேடியிருக்காரு. சுப்பிரமணி நெறைய பேரு. அதுல அப்பா பேரு பொன்னப்பன், சம்சாரம் பேரு பச்சையம்மான்னு ஒரே ஒருத்தர் கெடச்சாரு."

"சார்! அது எங்க தாத்தாதான் சார்!"

"எனக்கும் அப்படித்தான் தூக்கிவாரிப் போட்டுது. ஆனா ஊரு வேறம்மா. சித்தூர் ஜில்லா. இவரு குப்பத்துக்காரரு."

"இன்னா சார் சொன்னீங்க?"

"குப்பம். எங்க ஊரு குடியாத்தம் இல்ல? அங்கிருந்து மலையேறினா குப்பம்தான். எங்கப்பா மாட்டுச் சந்தைக்குப் போவாரு. நல்ல ஊரு, ரயிலு நிக்கும். பொன்னப்பன், பச்சையம்மா எல்லாம் நம்ம பக்கம் தெருவுக்கு ஒருத்தர் வெச்சிருக்கற பேருதானே, ஒத்துப் போயிடுச்சு. ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. தொழில்னு போட்ட எடத்துல படகோட்டின்னு இருக்கு. அந்த மலைக்காட்டுல ஏதும்மா படகு?"

சத்யாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"சார், எங்க ஊரு இன்னா ஊரு?"

"புன்னைக்குப்பம். நானே எழுதியிருக்கேனே."

"அது பஸ் போர்டுல சார். எங்க ஆளுங்கள எவரையாச்சும் நிறுத்தி எந்த ஊருன்னு கேட்டுப் பாருங்க. குப்பம்னுதான் சொல்லுவாங்க. எங்க நைனா இன்னிக்கும் 'குப்பத்துக்குப் போய்ட்டு வரேன்'னுதான் சொல்லும். கரை நெடுக குப்பம்தான் சார். ஆனா அவங்கவங்களுக்கு அவங்க குப்பம்தான் குப்பம்."

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பொன்னேரியில் ஆள் எடுத்த அன்று, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவர் எந்த ஊர்க்காரரோ. ஊர் என்ன என்று கேட்டிருப்பார். குப்பம் என்று சொல்லியிருப்பார் சுப்பிரமணி. எழுதியவருக்குத் தெரிந்த குப்பம் ஒன்றுதான், ரயில் நிற்கிற குப்பம். சித்தூர் ஜில்லா என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். படிக்கத் தெரியாத சுப்பிரமணி கட்டை விரலை வைத்தார். கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார், சொன்னவரும் சரியாகத்தான் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் தொலைந்து போயிற்று. போன கடுதாசியெல்லாம் எந்த ஊருக்குப் போயிருக்கும் என்று இப்போது புரிந்தது.

"அப்போ எங்க செத்தாரு சார்? தேதி போட்டிருக்குதா?"

பாக்கியநாதன் இரண்டாவது காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"வேற யாரோன்னு நெனச்சுத்தாம்மா இதைச் சொல்லாம விட்டேன்."

"எதை சார்?"

"அவரு போர்ல சாகல."

பிறகு மெல்ல, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பர்மாவில் ஒரு ஆற்றில் குண்டு விழுந்து படகு கவிழ்ந்தது. சுப்பிரமணியைக் கரையிலிருந்து எடுத்தார்கள். உடம்பில் காயம் இல்லை. ஆனால் பேச்சு போய்விட்டது. மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். காது கேட்கிறது, சொன்ன வேலையைச் செய்கிறார், வாய் மட்டும் திறக்கவில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். போர் முடிந்து, நாற்பத்தாறில், இனிமேல் தேறாது என்று விடுவித்து, துணைக்கு ஒரு சிப்பாயைப் போட்டு ரயிலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"எந்த ஊட்டுக்கு சார்?"

கேட்டுவிட்டாளே தவிர, பதில் அவளுக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

"அங்க யாரு இருந்தாங்க, அவரைக் கூட்டிக்கினு போக?" என்றாள்.

"யாரும் வரல. இப்படி ஒரு குடும்பமே இந்த ஊர்ல இல்லன்னு மணியக்காரரு எழுதியிருக்காரு. கூட வந்த சிப்பாய் ரெண்டு நாள் அவரை வெச்சுக்கினு ஸ்டேஷன்லயே கெடந்திருக்கான். அப்புறம் ஒருத்தங்க பொறுப்பு ஏத்துக்கினு கைநாட்டு வெச்சிருக்காங்க. நரசம்மான்னு பேரு. ஸ்டேஷன் வாசல்ல இட்லி விக்கறவங்களாம்."

"அவங்க யாரு?"

பாக்கியநாதன் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"உறவுன்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு எழுதியிருக்கு."

அதோடு காகிதம் முடிந்துவிட்டது.

சத்யா காகிதத்தைக் கையில் எடுத்தாள். அங்கே குளத்துப் படியில் ஒரு மனிதர் செத்த சேதிக்காகக் காத்திருக்கிறார். இவள் கையில் இருப்பதோ உயிரோடு வந்த சேதி. இதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? கொடுக்காமல்தான் எப்படி இருப்பது?

"நான் இன்னா சார் பண்ணட்டும்?"

"எனக்குத் தெரியலம்மா." பெரிய பட்டாளத்து மீசைக்காரர், குழந்தை மாதிரி கையை விரித்தார். காகிதங்களை மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். வெயிலில் வாசல் வரை வந்து ஆட்டோவை நிறுத்தினார். "குடியாத்தத்துல என் தங்கச்சி இருக்கா. என்னைக்காவது குப்பம் போகணும்னா அவ ஊட்டுல தங்கிப் போகலாம். சொந்தக்காரங்க ஊடா நெனச்சுக்கோ" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதைக் குறைவில்லாமல் செய்தார்.

ஆட்டோ கோயில் தெருவில் நுழைய முடியாமல் திணறியது. இறங்கி நடந்தாள்.

குணாளன் தெருமுனைக்கே வந்து காத்திருந்தான்.

"எங்கடி போயிட்ட? நைனாவுக்குத் தலை சுத்திடுச்சு. அரக்கோணத்து அம்மா ஒண்ணு, யாரோ எவரோ, மடியில சாச்சு விசிறிக்கினு இருக்குது. தண்ணி குடுத்தா வாயை இறுக்கிக்கினு குடிக்க மாட்டேங்குது. சரி, இன்னா சொன்னான் பட்டாளத்தான்?"

நடந்துகொண்டே சொன்னாள். அவன் நின்றுவிட்டான்.

"ஊர் பேரைக்கூட முழுசா சொல்லத் தெரியலையா நம்ம தாத்தாவுக்கு?" என்று எகத்தாளமாகத்தான் ஆரம்பித்தான். அதற்குள் குரல் உடைந்தது. "நானுந்தாண்டி... ஆதார் எடுக்கறப்போ எந்த ஊருன்னு கேட்டான். குப்பம்னுதான் சொன்னேன். எந்தக் குப்பம்யான்னு கத்தினான். தாத்தாவை ஒருத்தன் அப்பிடி ஒரு கத்து கத்தியிருக்கக் கூடாதா?"

தேங்காய்க் கடை ஓரமாக அண்ணனும் தங்கையும் நின்றார்கள். கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போயிற்று.

குணாளன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இதோ பாரு சத்யா. நைனாகிட்ட இதைச் சொல்லாதே. பர்மாவுல செத்தாருன்னு சொல்லிடு. தண்ணியை விட்டுட்டு ஒரு வாய் சாப்பிடட்டும். இதைச் சொன்னா நெஞ்சு தாங்காது."

"பெருமாள் கோயில் வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லவா?"

"டாக்டர் சொன்னதை நீதான கேட்ட? பொய் பாவம் எனக்கு வரட்டும். நீ சும்மா தலையாட்டு."

அண்ணன் சொல்வதில் தப்பு இருப்பதாகச் சத்யாவுக்குத் தெரியவில்லை. சரி இருப்பதாகவும் தெரியவில்லை. அப்பாவின் உலர்ந்த உதடுகள்தான் கண்முன் நின்றன. தலையாட்டினாள்.

அரக்கோணத்து அம்மாள் இவர்களைக் கண்டதும், "வந்துட்டாங்க பாரு பெரியவரே, உங்க மவ" என்று மணவாளனைத் தூக்கி உட்கார வைத்தாள். அவள் வீட்டு ஆட்கள் எப்போதோ கிளம்பிவிட்டார்கள் போல. பை ஒன்று மட்டும் பக்கத்தில் இருந்தது. இவர்கள் நன்றி சொல்வதற்குள் அதை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

குளத்தில் கூட்டம் வடிந்திருந்தது. எம்பார் வாத்தியார் மட்டும் ஈர வேட்டியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கெடச்சுதாம்மா?" என்றார் மணவாளன்.

"கெடச்சுது நைனா."

"எங்க?"

சத்யா அண்ணனைப் பார்த்தாள். "பர்மாவுல நைனா. சண்டையில."

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சரி சாமி" என்று எம்பாரிடம் கையை நீட்டினார்.

குணாளன் தாங்கிப் பிடிக்க, மணவாளன் தண்ணீரில் கால் வைத்தார். எம்பார் அவர் விரலில் தர்ப்பையை மாட்டினார். உள்ளங்கையில் எள்ளைப் போட்டார். "அப்பா பேரு?"

"சுப்பிரமணி." பட்டாளத்துக்காரர் மகன் மாதிரி நிமிர்ந்து சொன்னார். சொன்னவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கடைசியா அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தது யாருன்னு எதாச்சும் எழுதியிருக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தருமே இல்லாமல் போனார் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு அம்மா இருந்தாங்க நைனா. அவங்கதான் பாத்துக்கினாங்க. இட்லி விக்கறவங்க."

மணவாளன் எள்ளோடு நின்றார்.

"பர்மாவுல ஏதும்மா இட்லி?"

குணாளன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சத்யா. இன்னா ஊரு?"

"குப்பம், நைனா."

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் சத்யாவால் முடியவில்லை.

"நம்ம குப்பத்துக்கா வந்தாரு?"

"இல்ல நைனா. இது வேற குப்பம். சித்தூர் பக்கம். மலை ஊரு."

இனி மறைத்துப் பயனில்லை. படகு கவிழ்ந்தது, பேச்சு போனது, ரயிலில் அனுப்பியது, நரசம்மாவின் கைநாட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மணவாளன் முட்டிவரை தண்ணீரில், உள்ளங்கையில் எள்ளோடு, கடைசி வரி வரை கேட்டார்.

"எங்கம்மாவை ஊரே சிரிச்சுது," என்றார். "புத்தி பெசகிடுச்சுன்னு. அது சரியாத்தான் சொல்லியிருக்குது. உயிரோடதான் வந்திருக்காரு."

"நைனா, மேல வா. ஒக்காந்து பேசலாம்," என்றான் குணாளன்.

மணவாளன் எள்ளை ஒன்றுகூடச் சிந்தாமல் எம்பாரின் தொன்னையில் திருப்பிப் போட்டார்.

"இன்னிக்கு வேணாம் சாமி."

எம்பார் பதறினார். "பெரியவரே, அவருக்கு இப்போ நூறு வயசுக்கு மேல ஆயிருக்கும். இருக்க வாய்ப்பே இல்லை. தேதி தெரியாதவாளுக்கு அமாவாசைதான் தேதி. தாராளமா விடலாம், ஒரு தோஷமும் இல்லை."

"சாஸ்திரம் உங்களுது சாமி. சத்தியம் என்னுது. சேதி வந்தா விடுன்னு சொல்லுச்சு எங்கம்மா. சேதி வந்துடுச்சு. ஆனா இன்னா சேதி? ரயில்ல வந்து உயிரோட எறங்கினாருன்னு. செத்த சேதி இன்னும் வரலியே?"

எம்பார் தொன்னையைப் படியில் வைத்துவிட்டார்.

"அந்த அம்மாவுக்கு ஒரு கை விடலாமா?" என்றார் மணவாளன். "நரசம்மாவுக்கு."

"உங்களுக்கு என்ன உறவு?"

"இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க."

எம்பார் ஒரு நிமிஷம் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதே தொன்னையிலிருந்து எள்ளை எடுத்து அவர் கையில் வைத்தார். யாருமில்லாதவர்களுக்காகச் சொல்கிற மந்திரம் ஒன்று தர்ப்பணத்தின் கடைசியில் உண்டு. அதை மட்டும், கம்மிய குரலில், நிதானமாகச் சொன்னார். பெயர் சொல்லவேண்டிய இடத்தில் மணவாளனே சொன்னார். கையிலிருந்து தண்ணீர் வழிந்து குளத்தில் விழுந்தது.

எம்பார் தட்சிணை வாங்கிக்கொள்ளவில்லை. "அடுத்த அமாவாசைக்கு வாங்கோ. நான் இருக்கேன்" என்றார். அடுத்த அமாவாசை என்ற வார்த்தையைக் கேட்டதும் சத்யா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணவாளன் கரையேறி ஒரு படி வைத்தார். இரண்டாவது படியில் கால் எழவில்லை. மூச்சு இரைத்தது.

"குப்பத்துக்கு எங்கம்மா வண்டி ஏறணும்?"

"நைனா, டாக்டர் உன்னை..."

"டாக்டரை வுடு. எங்க ஏறணும்?"

அலைய விடாதீங்க என்று சொன்ன டாக்டர் முகமும், இந்த முகமும். இரண்டில் எதற்குப் பதில் சொல்வது என்று சத்யாவுக்குத் தெரியவில்லை. 'போலாம் நைனா' என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாயிற்று.

குணாளன் அப்பாவுக்கு முன்னால் வந்து குனிந்து, முதுகைக் காட்டினான்.

"ஏறு நைனா."

சத்யா தூக்கிவிட்டாள். கடலில் அலைந்த உடம்பு, இப்போது காய்ந்த வலை மாதிரி எடையில்லாமல் இருந்தது. குணாளன் நிமிர்ந்து ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தான். சத்யா பின்னால், எங்கே சரிந்துவிடுவாரோ என்று இரண்டு கையையும் நீட்டியபடி வந்தாள்.

பாதிப் படியில் மணவாளன் மகனின் தோளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏண்டா குணா, அவருக்குக் காது கேட்டுதுன்னு எழுதியிருக்குது இல்ல?"

"ஆமா நைனா."

"ரயிலை விட்டு எறங்கினதும் தெரிஞ்சிருக்கும் இல்ல அவருக்கு? கடல் சத்தம் கேக்கலியேன்னு?"

குணாளனின் கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.